ஆற்றைவிட மெதுவாக

காலையில் எழுந்ததும் கைப்பேசியில் நான் முதலில் பார்ப்பது ஓர் ஆற்றின் நீர்வரத்தை. ஹோ என்பது ஆற்றின் பெயர். வாஷிங்டன் மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், ஒலிம்பிக் தீபகற்பத்தின் பனிமலைகளில் பிறந்து பசிபிக் கடலில் கலக்கிறது. சியாட்டிலுக்குக் கிழக்கே இருக்கும் என் வீட்டிலிருந்து போய்ச்சேர நான்கு மணி நேரமாவது ஆகும். அங்கே எவ்வளவு தண்ணீர் போனால் உங்களுக்கென்ன என்று என் மனைவி கேட்டுப் பார்த்துவிட்டு, இப்போது கேட்பதில்லை. காவிரிக்கரையில் வளர்ந்தவனுக்கு இது பரம்பரை வியாதி. மேட்டூருக்கு விநாடிக்கு எத்தனை கன அடி வருகிறது என்று பார்த்த பிறகுதான் அப்பா செய்தித்தாளின் தலைப்புச் செய்திக்கே போவார். இங்கேயும் அதே கன அடிதான். அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை ஆற்றோரம் கருவி வைத்து அளந்து, வரைபடமாக இணையத்தில் போடுகிறது. கோடு செங்குத்தாக ஏறினால் மலையில் அடைமழை. உச்சியைத் தொட்டுவிட்டுச் சரியத் தொடங்கினால், ஃபோர்க்ஸ் என்ற சிற்றூரில் ஒருவர் தன் படகை வண்டியோடு பூட்டிக்கொண்டிருப்பார்.

அவர் மீன்பிடி வழிகாட்டி. ஊரில் எல்லோரும் 'கைடு' என்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. தன்னைப் பற்றி யாராவது எழுதினால் வாடிக்கையாளர்கள் கூடிவிடுவார்கள் என்று பயப்படுகிற வினோதமான தொழிலதிபர் அவர். வயது அறுபதை நெருங்குகிறது. மரம் வெட்டும் குடும்பத்தில் பிறந்தவர். இடது தோள் வலதைவிடச் சற்று இறங்கியிருக்கும். முப்பது வருடமாகத் துடுப்பு வலித்ததன் கைங்கரியம்.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது 2018 அக்டோபரில். இசக்குவா என்ற ஊரின் நடுவில் ஒரு மீன் குஞ்சுப் பண்ணை இருக்கிறது; 1936-ல் கட்டியது. கடலிலிருந்து திரும்பும் சால்மன்கள் கடைத்தெருவுக்கு அருகில் ஓடும் ஓடை வழியாக அங்கே ஏறி வரும். பக்கத்து ஊர்களில் இருக்கும் நம்மவர்கள் குழந்தைகளை அழைத்துக்கொண்டு போய்ப் பார்ப்பது வழக்கம். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் சினூக் என்ற வகைச் சால்மன் ஒன்று நின்றது. வால் நைந்து வெள்ளையாகியிருந்தது, முதுகில் பூஞ்சை, மேல்தாடை கொக்கிபோல வளைந்திருந்தது. "இதற்கு யாரும் சாப்பாடு போடவில்லையா?" என்றாள் என் மகள். ஆற்றுக்குள் நுழைந்ததிலிருந்து அது சாப்பிடுவதில்லை, உடம்பில் சேர்த்து வைத்ததை எரித்துத்தான் ஏறுகிறது என்று பலகையில் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினேன். அவள் ஐஸ்கிரீம் கேட்டாள். நான் மட்டும் அங்கேயே நின்றுவிட்டேன். சாப்பிடாத மீன் தூண்டிலை ஏன் கடிக்கிறது என்ற கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது.

மறுவருடம் அக்டோபரில் இதே கேள்வியைக் கைடிடம் கேட்டேன். சோல் டக் ஆற்றில், விடிந்தும் விடியாத நேரம். "எரிச்சலில்," என்றார். கொஞ்சம் கழித்து, "பழக்கத்தில்." மதியம் வாக்கில், தானாகவே, "எனக்குத் தெரியாது. தெரிந்தவன் மாதிரி பேசுகிறவனோடு படகில் ஏறாதே."

அந்தப் படகைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மோட்டார் கிடையாது. அடிப்பாகம் தட்டை, இரண்டு முனையும் மேல்நோக்கி வளைந்து, நீரில் பாதிதான் பதியும். ஓரிகன் மாநிலத்து மெக்கன்சி ஆற்றில் உருவான வடிவம் என்கிறார்கள். வலிப்பவர் நம் ஊர்ப் படகோட்டிகளைப் போலப் போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்காருவதில்லை. ஆறு போகும் திசையைப் பார்த்து உட்கார்ந்து, ஓட்டத்துக்கு எதிராக வலிக்கிறார். ஆறு படகை இழுத்துக்கொண்டு போகிறது, இவர் அதைத் தாமதப்படுத்துகிறார். எதிரே பாறை வந்தால் விலக நினைத்துப் படகைத் திருப்புவதில்லை. மூக்கைப் பாறைக்கு நேராகவே வைத்து, அதிலிருந்து பின்வாங்கி வலிக்கிறார். முதல் தடவை நான் கண்ணை மூடிக்கொண்டேன். "ஆறு போகிற வேகத்தில் போனால் நீ வெறும் கட்டை," என்றார். "அதைவிடக் கொஞ்சம் மெதுவாகப் போனால்தான் உனக்கு யோசிக்க நேரம் கிடைக்கும்." எட்டு மணி நேரம் இந்தக் கொஞ்சத்துக்காகத்தான் அந்தத் தோள் உழைக்கிறது.

தமிழில் படகுக்கும் துடுப்பு, மீனுக்கும் துடுப்பு என்று ஒருமுறை சொன்னேன். இரண்டு துடுப்பையும் தண்ணீருக்கு மேலே தூக்கி, சொட்டுவதைப் பார்த்துவிட்டு, "சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள்," என்றார்.

அன்று எனக்கு ஒரு கோஹோ மாட்டியது, அதுவும் ஒரு வகைச் சால்மன். பண்ணை மீன் என்பதால் வைத்துக்கொள்ளலாம். பண்ணையில் வளரும் குஞ்சுகளுக்கு, முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவில் கட்டைவிரல் நுனி அளவுக்கு இருக்கும் சதைத் துடுப்பை வெட்டிவிட்டு ஆற்றில் விடுவார்கள். அந்த இடம் மழுங்கியிருந்தால் சாப்பிடலாம். துடுப்பு இருந்தால் காட்டு மீன், பெரும்பாலும் திருப்பி விட வேண்டும். வீட்டில் புளிக்குழம்பு வைத்தோம். சால்மனுக்குப் புளி சேரவே சேராது. கொழுப்பும் புளிப்பும் கட்டிப் புரண்டு இரண்டும் தோற்றன. அதற்குப் பிறகு மிளகும் உப்பும் தடவி வறுப்பதோடு நிறுத்திக்கொண்டோம்.

ஆனால் அந்தப் பயணத்தில் எனக்கு ஆற்றைவிட நினைவில் நிற்பது அவருடைய கார் கொட்டகை. பெண் மீனைப் பிடித்ததும் செவுளை அறுத்து ரத்தத்தை வடியவிட்டார். சினையில் ரத்தம் தங்கினால் கெட்டுப்போகும். மாலையில் கொட்டகை மேசையில் செய்தித்தாள் விரித்து, சினைப் பையைப் புத்தகம்போல் பிரித்தார். அரைக் கண்ணாடி மணி மாதிரி ஆரஞ்சு நிற முட்டைகள். போராக்ஸ், உப்பு, சர்க்கரை, கொஞ்சம் சிவப்புச் சாயம் கலந்த பொடியை உயரத்திலிருந்து தூவினார். உயரத்திலிருந்து தூவினால்தான் சமமாக விழும் என்று என் பாட்டி அப்பளத்துக்கு மாவு தூவும்போது சொல்வாள். பிறகு கண்ணாடி ஜாடியில் போட்டு மூடி, சில மணிக்கொரு தரம் தலைகீழாகப் புரட்ட வேண்டும். முதலில் முட்டைகள் தண்ணீர் விட்டுச் சுருங்கும். அடுத்த நாள் அதே தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு மறுபடி திரளும். மாவடு ஜாடியைக் குலுக்கி வைத்து வளர்ந்தவன் நான். தண்ணீர் விட்டுச் சுருங்குவது வரை எனக்குப் பழகிய கதை. திரும்பத் திரள்வதுதான் புதிது. அவர் அலமாரியில் இருபது ஜாடி வரிசையாக நின்றது, ஒவ்வொன்றிலும் ஆற்றின் பெயரும் தேதியும். இரையாகத்தான். சாப்பிட அல்ல. ஒரு பருவத்துக்கான இரையை முந்தைய மீன்களிலிருந்து சேமிக்கிறார்.

இலையுதிர் காலம் சால்மனுக்கு. ஆனால் கைடுகளின் உண்மையான பருவம் குளிர்காலம், அவர்கள் உண்மையில் கும்பிடும் தெய்வம் ஸ்டீல்ஹெட். அறிவியல்படி அது வானவில் டிரவுட் என்ற ஆற்று மீனின் கடலோடி வடிவம். ஒரே தாய்க்குப் பிறந்த குஞ்சுகளில் சில ஆற்றிலேயே தங்கி, முழ நீளத்துக்கு மேல் வளராமல் வாழ்ந்து முடிக்கும். சில உடம்பு வெளுத்து, உப்பு நீருக்குத் தயாராகி, கடலுக்குப் போய் இரண்டு மூன்று வருடம் கழித்துக் கைநீள வெள்ளியாகத் திரும்பும். எங்கள் தெருவில் பல வீடுகளில் இதே கதைதான். பசிபிக் சால்மன்கள் முட்டையிட்டதும் செத்துப்போகும். ஸ்டீல்ஹெட்டில் சில மட்டும் மறுபடி கடலுக்குப் போய் இன்னொரு முறையும் வரும். ஆயிரம் வீச்சுக்கு ஒரு மீன் என்று அதற்குப் பட்டம். என் கணக்கில் ஆயிரம் குறைவு.

டிசம்பர், ஜனவரியில் பண்ணை ஸ்டீல்ஹெட்கள் போகச்சீல் ஆற்றில் ஏறும். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை பெரிய காட்டு மீன்கள். இந்த மாதங்களில்தான் ஃபோர்க்ஸில் வானம் கிழியும். ஆண்டுக்கு 100 அங்குலத்துக்கு மேல் மழை. சென்னையில் பெய்வதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஊருக்கு வருகிறவர்களில் ஒரு பாதி, அங்கே நடப்பதாக எழுதப்பட்ட ரத்தக்காட்டேரிக் கதையைத் தேடி வருகிறவர்கள். மறுபாதி விடிகாலை 4 மணிக்கு உணவகத்தில் முழங்கால்வரை ரப்பரோடு உட்கார்ந்து, பேசாமல் முட்டை சாப்பிடுகிறவர்கள். இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று பார்த்து முழிப்பது தனி வேடிக்கை.

2020 பிப்ரவரியில் ஹோ ஆற்றுக்குப் போனேன். பனியாறு அரைத்த பாறைத்தூள் கலந்து, வெயில் காலத்தில் அந்த ஆறு பால் கலந்த நீலமாக இருக்கும். குளிரில் பனி உருகுவது நிற்க, தெளிந்து பச்சையாகும். கைடுகள் அந்தப் பச்சைக்கே 'ஸ்டீல்ஹெட் பச்சை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் காலடி தெரியும், முழங்கால் ஆழத்துக்குக் கீழே தெரியாது, அதுதான் அளவு. படகின் முன்னால் இரண்டு தூண்டில்கோல்கள் தாங்கியில் சாய்ந்திருந்தன. நுனியில் பிளாஸ்டிக் மீன்கள், நீரோட்டத்தில் நடுங்கிக்கொண்டு படகுக்கு நாற்பது அடி கீழே போகின்றன. அவர் படகை மெல்லப் பின்வாங்கி இறக்க, அந்தப் பொய் மீன்கள் குழி குழியாகப் போய், அங்கே படுத்திருக்கும் உண்மை மீனின் முகத்தில் இடிக்கும். எனக்கு ஒரே வேலை. சும்மா இருப்பது. "கோல் வளைந்தாலும் கையை வைக்காதே. நான் சொன்ன பிறகு எடு." மூன்று மணி நேரத்தில் அதை நான்கு தடவை சொன்னார்.

கோல் ஒருமுறை தட்டியது. இன்னொரு முறை. நான் பாய்ந்து எடுத்து இழுத்தேன். நுனியில் ஒரு விநாடி ஏதோ ஒரு கனம், பிறகு நரம்பு தளர்ந்து காற்றில் ஆடியது. மீன் வாயைத் திருப்பிக்கொண்டு ஓடும்போதுதான் முள் ஏறும். அதுவரை அது வெறுமனே கவ்விக்கொண்டிருக்கிறது. நான் அதன் வாயிலிருந்து பிடுங்கிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நங்கூரத்தைத் தூக்கிவிட்டு, அந்த ஒரு குழியை மறுபடி இறங்க, படகைக் கரையோரமாக மேல்நோக்கி வலிக்கத் தொடங்கினார். கால் மணி நேரம். மூச்சிரைப்பு எனக்குக் கேட்டது. இரண்டாவது தடவை அங்கே எதுவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

மீனில்லாமல் வீடு திரும்பினேன். 500 டாலருக்கு மேல் செலவு. நம் ஊரில் கொள்ளிடக்கரைச் சந்தையில் அந்தப் பணத்துக்கு எத்தனை கூடை கெண்டை வரும் என்று மனைவி கணக்குப் போட்டுச் சொன்னாள்.

அந்த டிசம்பரில் சட்டம் மாறியது. காட்டு ஸ்டீல்ஹெட்டின் வரத்து குறைந்துகொண்டே போக, மாநில மீன்வளத் துறை கடலோர ஆறுகளில் படகிலிருந்து மீன் பிடிப்பதையே தடை செய்தது. இரையையும் தடை செய்தது. காட்டு மீனைக் கொல்லக் கூடாது என்பது 2016-லேயே வந்துவிட்ட விதி. அந்தப் பருவத்தில் படகில் போகலாம், இறங்கி நின்றுதான் வீச வேண்டும். 2021 பிப்ரவரியில் முகக்கவசத்தோடு போய் நின்றபோது, அவர் படகைத் தட்டிக்காட்டி, "இப்போது நான் பஸ் டிரைவர்," என்றார்.

ஊரில் பலர் கொதித்துப்போயிருந்தார்கள். உணவகத்தில் காது கொடுத்தால் இரண்டே குற்றவாளிகள்: அதிகாரிகள், பழங்குடிகளின் வலைகள். முதலாவதைப் பற்றி எனக்குக் கருத்து இல்லை. இரண்டாவதைக் கேட்டால் எரிச்சல் வரும். 1850-களில் நிலத்தையெல்லாம் எழுதி வாங்கிக்கொண்டபோது, பழகிய இடங்களில் மீன் பிடிக்கும் உரிமை உங்களுக்கே என்று அதே ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்தார்கள். பிறகு நூறு வருடம், அந்த உரிமையைப் பயன்படுத்தியவர்களைக் கைது செய்தார்கள். நிஸ்குவாலி இனத்தின் பில்லி ஃபிராங்க் ஜூனியர் ஐம்பது முறைக்கு மேல் கைதானவர். 1974-ல் நீதிபதி ஜார்ஜ் போல்ட், பிடிக்கத்தக்க மீனில் பாதி ஒப்பந்தப் பழங்குடிகளுக்கு உரியது என்று தீர்ப்பளித்தார். அரை நூற்றாண்டு ஆகியும் அது சிலருக்குத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. கைடு என்ன நினைக்கிறார் என்று கேட்டேன். முகத்துவாரத்தில் வலை போடும் நாட்களைச் சுவர்க் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறார். அந்த நாட்களுக்கு அடுத்த காலை முன்பதிவு வாங்குவதில்லை. "அவர்களுக்கு அவர்கள் நாள். எனக்கு என் நாள்," என்றார். அவ்வளவுதான்.

அன்று மூன்றாவது திருப்பத்தில் இறக்கிவிட்டார். தண்ணீர் நான்கைந்து டிகிரி இருக்கும். தொடை வரை நின்றால் பத்து நிமிடத்தில் பாதம் யாருடையதோ ஆகிவிடும். கற்களின்மேல் எண்ணெய் தடவியதுபோல் பாசி. அவர் என் சட்டையின் பின்கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார், பிள்ளையைக் குளத்தில் இறக்குகிற மாதிரி. "அந்தப் பாறைக்குப் பின்னால் தண்ணீர் நீ நடக்கிற வேகத்தில் போகிறதா, பார். அங்கே படுத்திருக்கும். வேகமான தண்ணீரில் அதற்குக் களைப்பு, நின்ற தண்ணீரில் பயம்." தக்கைக்குக் கீழே ஐந்தடியில் இளஞ்சிவப்பு இறகு கட்டிய ஒற்றை முள். மீன் நழுவாமல் பிடித்துவைக்கும் உட்கூரைக் குறடால் நசுக்கியிருந்தது, அதுவும் சட்டம். வீசினேன். தக்கை மிதந்து போனது. மறுபடி வீசினேன். அப்படி எத்தனை தடவை என்று சொன்னால் நீங்கள் இந்தப் பக்கத்தை மூடிவிடுவீர்கள்.

தக்கை மூழ்கவில்லை. நின்றது. ஆறு ஓடுகிறது, தக்கை மட்டும் நிற்கிறது.

"இப்போது," என்றார்.

அடுத்த ஏழெட்டு நிமிடம் எனக்குத் தொடர்ச்சியாக நினைவில்லை. தூண்டில் உருளை கத்தியது நினைவிருக்கிறது. மீன் ஒருமுறை நீரைவிட்டு முழுதாக வெளியே வந்து, பக்கவாட்டில் திரும்பி, எங்களைப் பார்த்ததுபோல் இருந்தது நினைவிருக்கிறது. கரையோரம் வந்ததும் அவர் முழந்தாளிட்டு, ரப்பர் வலையை நீருக்குள்ளேயே பிடித்தார். முதுகு ஈயம், விலா வெள்ளி, செவுள் மூடியில் மங்கலான ரோஜா நிறம். சதைத் துடுப்பு முழுதாக இருந்தது. பத்துப் பன்னிரண்டு பவுண்டு இருக்கும். விட வேண்டிய மீனைத் தண்ணீருக்கு வெளியே தூக்கவும் கூடாது, அதனால் தோளில் தூக்கிய படம் கிடையாது. "வாலுக்கு முன்னால் ஒடுங்குகிற இடத்தைப் பிடி. நெரிக்காதே. தலை நீரோட்டத்தைப் பார்க்கட்டும்." கையுறையைக் கழற்றிவிட்டுப் பிடித்தேன். குளிரில் விரல் செத்திருந்தும், அந்த உடம்புக்குள் ஏதோ முறுக்கேறி வருவது தெரிந்தது. செவுள் திறந்து மூடியது, திறந்து மூடியது. பிறகு என் முகத்தில் ஒரு வாளித் தண்ணீர் அடித்துவிட்டுப் போனது.

அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். தன் தொப்பியால் என் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தார்.

அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். நீண்ட மௌனம். "ஏனப்பா, அவ்வளவு பணத்தைக் கொடுத்துப் பிடித்த மீனை ஆற்றிலேயா விட்டாய்?" பிறகு, யோசித்து, "சினையோடு இருந்ததா?" இருந்திருக்கும் என்றேன். "அப்படியென்றால் சரி," என்றாள்.

2022 மார்ச்சில் போகப் பணம் கட்டியிருந்தேன். மார்ச் 1 முதல் கடலோர ஆறுகளில் ஸ்டீல்ஹெட் பருவத்தை மூடிவிட்டார்கள். எதிர்பார்த்த அளவு மீன் வரவில்லை. முன்பணத்துக்குக் காசோலையைத் தபாலில் அனுப்பினார். அந்த இரண்டு மாதம் ஊரில் வீட்டுக் கூரைகளில் பாசி சுரண்டப் போனாராம். மூடியது சரி என்றுதான் நான் நினைக்கிறேன். அவரும் சரி என்றுதான் சொன்னார். ஆனால் வாடிக்கையாளனுக்கு அது ஒரு வார இறுதி, அவருக்கு வருடத்தின் கால்பங்கு. கோடையில் அலாஸ்காவுக்குப் போகிறார், பிரிஸ்டல் வளைகுடாப் பக்கத்து ஆறுகளில் ஒரு முகாமில் படகோட்டுகிறார். அங்கே சாக்கை சால்மன் இன்னும் கோடிக்கணக்கில் ஏறுகிறது. அதைப் பற்றி அதிகம் பேசமாட்டார். கொசு அதிகம் என்பார்.

குறைந்ததற்குக் காரணம் ஒன்றல்ல. கடல் சூடானது, மலைப் பனியாறுகள் சுருங்கியது, காடு வெட்டியது, நாங்கள் பிடித்து விட்டதும்கூட. எனக்கு உறைப்பது வேறு ஒன்று. சியாட்டில் ஓடைகளுக்கு முட்டையிட வரும் கோஹோக்கள், மழை பெய்த மறுநாள் முட்டையிடாமலே செத்து மிதந்தன. டயர் ரப்பர் வெடிக்காமலிருக்கச் சேர்க்கும் ஒரு பொருள் காற்றுப்பட்டு மாறி, மழைநீரோடு ஓடைக்குள் போய்க் கொல்கிறது என்று 2020 டிசம்பரில் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். மீனைத் திரும்ப விட்ட புண்ணியவானாக நான் காரோட்டி வந்தேன், நான்கு டயரும் தேய.

அவர் நல்ல செய்தி சொல்லும்போதெல்லாம் அது எல்வா ஆற்றைப் பற்றித்தான் இருக்கும். தீபகற்பத்தின் வடக்குச் சரிவு. 1913-லிருந்து அதை ஓர் அணை அடைத்தது, பிறகு 1927-ல் இன்னொன்று. மீனேறப் படிகூட வைக்கவில்லை. 2011-ல் இடிக்கத் தொடங்கி 2014-ல் இரண்டையும் முழுதாக எடுத்துவிட்டார்கள். அணைக்கு மேலே நூறு வருடம் சிக்கிக்கிடந்த வானவில் டிரவுட்கள், தாத்தாவின் தாத்தா கடல் பார்த்த மீன்கள், வழி திறந்ததும் கடலுக்குப் போயின; கோடை ஸ்டீல்ஹெட்டாகத் திரும்பி வந்தன. அவர் இதைச் சொல்லும்போது துடுப்பை நிறுத்திவிடுவார். படகு தானாகத் திரும்பும். 2023 இலையுதிர் காலத்தில் கீழ் எல்வா கிளாலம் பழங்குடி மக்கள் அந்த ஆற்றில் மறுபடி கோஹோ பிடித்தார்கள். காவிரியிலும் கடலிலிருந்து உல்லம் மீன் ஏறி வந்த காலம் ஒன்று உண்டு என்றும், 1934-ல் மேட்டூர் அணை எழுந்தபின் அது அற்றுப்போனது என்றும் அவரிடம் சொன்னேன். "அந்த அணையை எப்போது எடுக்கிறார்கள்?" என்றார். எங்கள் சாப்பாடே அதில்தான் இருக்கிறது என்று விளக்க எனக்கு அரை மைல் பிடித்தது.

அதே அக்டோபரில் மகளை அழைத்துக்கொண்டு போனேன். ஆறு பழுப்பாக ஓடியதால் படகு இறக்கவில்லை, பணமும் வாங்கவில்லை. தேசியப் பூங்காவுக்குள் சோல் டக் ஆறு பாறைப்படியில் விழும் இடம் ஒன்று இருக்கிறது, கோஹோக்கள் அங்கே தாவி ஏறும். மரத்தடுப்பில் சாய்ந்து நின்றோம். மழை பிசுபிசுவென்று விழுந்துகொண்டிருந்தது. ஒன்று துள்ளியது, பாறையில் மோதி விழுந்தது. அடுத்தது. அவர் உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்று துள்ளும்போதும் தடுப்பின் மேலிருந்த அவருடைய இரண்டு கையும் தன்னையறியாமல் பின்னோக்கி இழுத்தன. பதினேழாவதோ பதினெட்டாவதோ மேலே போய்ச் சேர்ந்தது. வெள்ளை நுரைக்குள் ஒரு கறுப்பு வால் ஆடி மறைந்தது. "முதலில் விழுந்ததே, அதுவா இது?" என்று மகள் கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்த்தேன். தொப்பியைக் கழற்றி மழைநீரை உதறிவிட்டு, எண்ணிக்கையை விட்டுவிட்டதாகவும், இனி முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றும் சொன்னார்.